"பால் பத்தலன்னு சொல்றாங்க சயாமா, என்ன செய்யட்டும்?"

கேள்வி (மிட்வைஃப் அம்மாவுக்கு, பர்மால 'சயாமா'):

வணக்கம் சயாமா. நான் ரங்கூன் தாம்வேல இருக்கேன், அஞ்சாவது மாடி, வயசு 24. முதல் பிள்ளை, பையன், பொறந்து இன்னிக்கு 12 நாள். சுகப்பிரசவம்தான். எங்க அம்மா வீடு மோல்மேன், இப்ப இருக்கிற ரோடு நெலமைல நிறைமாசத்தோட அங்க போக வேணாம்னுட்டாங்க, அதனால மாமியார்தான் பாத்துக்கிறாங்க. வீட்டுக்காரர் மலேசியாவுல வேலை. அத்தை எனக்கு குடுக்கிறது சோறு, வறுத்த கருவாடு, பூண்டு மிளகு கொழம்பு, அவ்வளவுதான். கீரை, பருப்பு, பழம் எதுவும் 40 நாளைக்கு கெடையாது. தண்ணி குடிச்சா வயிறு தொங்கிரும்னு அதுவும் ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர்தான், அதுவும் சுடுதண்ணி. கீழ் வீட்டு பர்மாக்கார ஆன்ட்டியும் அதே மாதிரிதான் சொல்றாங்க. பையன் ராத்திரி பூரா அழுறான், பகல்ல தூங்குறான். உனக்கு பால் பத்தல, பவுடர் பால் வாங்குவோம்னு அத்தை சொல்றாங்க, ஒரு தடவை சங்குல சீனித்தண்ணியும் குடுத்துட்டாங்க. பொறந்தப்ப 2.9 கிலோ, அஞ்சாம் நாள் 2.7, நேத்து 2.85. ஒரு நாளைக்கு ஏழெட்டு துணி நனைக்கிறான், வெளிக்கி மஞ்சளா போறான். மூஞ்சி லேசா மஞ்சளா தெரியுது, எனக்கு மட்டும் அப்படி தெரியுதான்னு தெரியல. ஆஸ்பத்திரில குடுத்த பி1 வைட்டமின் மாத்திரைய சூடுன்னு அத்தை எடுத்து வச்சிட்டாங்க. அவங்க மகனோட சின்ன வயசு சட்டை, தொப்பி எல்லாம் ட்ரங்க் பெட்டிலேர்ந்து எடுத்து இவனுக்கு போட்டு அழகு பாக்குறாங்க, எனக்கு அந்த பெட்டி வாசனையே குமட்டுது. காரணமே இல்லாம அழுகை வருது சயாமா. நான் நல்ல அம்மா இல்லையோன்னு இருக்கு. பேர் போட வேணாம்.

பதில்:

அம்மாடி, உன் லெட்டர ரெண்டு தடவை படிச்சேன். நீ கேட்டது பால் விஷயம், அதுக்கு வர்றேன். ஆனா போற போக்குல ட்ரங்க் பெட்டி வாசனைன்னு ஒரு வரி எழுதிட்டு போயிட்ட பாரு, அதுதான் என்னைய உக்கார விடல. என்ன வாசனைன்னு நீ எழுதல, எனக்கு தெரியும், அந்துருண்டை. இந்த ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் பூச்சிக்கும் பயந்து நம்ம வீடுகள்ல பட்டுச்சேலை, தொட்டில் துணி, பிள்ளைங்க பழைய சட்டை எல்லாத்துக்கும் நடுவுல நாலு வெள்ளை உருண்டைய போட்டுத்தான் பெட்டிய மூடுவாங்க. உங்க அத்தை இத்தனை வருஷமா அந்த சட்டைய பத்திரமா வச்சிருந்து பேரனுக்கு போட்டு பாக்கிறது எவ்வளவு ஆசையா இருந்திருக்கும், அதை நான் குத்தம் சொல்ல வரல. ஆனா அந்த உருண்டைல இருக்கிறது நாப்தலின். நம்ம பக்கத்து ஜனங்கள்ல, பர்மாக்காரங்க இந்தியாக்காரங்க எல்லாரும் சேத்துத்தான், சில பேருக்கு ரத்த சிவப்பணுவுக்குள்ள ஜி-சிக்ஸ்-பி-டின்னு ஒரு என்சைம் கொறைவா இருக்கும். மலேரியா ரொம்ப இருந்த நாடுகள்ல இது கூடுதல், ஏன்னா அந்த கொறை இருக்கிறவங்களுக்கு மலேரியாவுலேர்ந்து கொஞ்சம் பாதுகாப்பு கெடைச்சு அது தலைமுறை தலைமுறையா தங்கிருச்சு. ஆம்பளப் பிள்ளைங்களுக்குத்தான் அதிகம் வரும். வெளியில பாத்தா ஒண்ணுமே தெரியாது, பிள்ளை நல்லா கொழுக்கு மொழுக்குன்னு இருக்கும், ஆனா நாப்தலின் வாசனைல ஊறின துணிய பச்ச மண்ணு மேல போட்டா அந்த சிவப்பணு எல்லாம் கடகடன்னு ஒடையும், மஞ்சக்காமாலை ஒரே நாள்ல ஏறும், ரொம்ப ஏறுச்சுன்னா அது மூளைக்கும் காதுக்கும் போயிரும். உன் பையனுக்கு அந்த கொறை இருக்குன்னு நான் சொல்லல. இருக்கா இல்லையான்னு நம்ம யாருக்கும் தெரியாது, அதுதான் பிரச்சினை.

அதனால இதை படிச்சிட்டு இருக்கும்போதே அந்த சட்டை, தொப்பி, பெட்டிலேர்ந்து எடுத்த போர்வை எல்லாத்தையும் கழட்டி வீட்டுக்கு வெளிய வை. துவைச்சு காயப்போட்டா போதும்னு அத்தை சொல்வாங்க, ஒரு துவைப்புல அது போகாது. இந்த ரெண்டு மூணு மாசத்துக்கு வேணாம், சாதா பருத்தித் துணி, பழைய லுங்கிய கிழிச்சு துவைச்சு வச்சது கூட போதும், பிள்ளைக்கு அதுதான் சொகம். திஞ்சான், அதான் பர்மா புத்தாண்டு, முடிஞ்ச இந்த வெயில்ல, கரண்டும் இல்லாம, ஜன்னலயும் சாத்திக்கிட்டு தொப்பி சாக்ஸ் எதுக்கு? பிடரில கைய வச்சு பாரு, வேர்த்திருந்தா அவனுக்கு புழுக்கம், ராத்திரி அழுகைல பாதி அதுவா கூட இருக்கும். கற்பூரம் கலந்த தைலத்தையும் பிள்ளை பக்கம் கொண்டு போகாத.

அடுத்து மஞ்சள். அதை டியூப் லைட்லயோ சார்ஜ் லைட்லயோ மெழுகுவத்திலயோ பாக்காத, காலைல ஜன்னல் பக்கம் தூக்கிட்டு போயி வெளிச்சத்துல பாரு. மூக்கு நுனில ஒரு வெரல வச்சு அமுக்கி எடுத்தா ஒரு நொடி தோல் வெளுக்கும், அப்ப அடில மஞ்சள் தெரியுதான்னு பாரு, அப்புறம் நெஞ்சுல, தொப்புளுக்கு கீழ, தொடைல, கடைசியா உள்ளங்கால்ல. மஞ்சள் மேலேர்ந்து கீழ எறங்கும், எவ்வளவு தூரம் எறங்கியிருக்கோ அவ்வளவு ஜாஸ்தின்னு ஒரு கணக்கு. பொறந்த ரெண்டாம் நாள் மூணாம் நாள் வந்து ரெண்டு வாரத்துல தானா போற மஞ்சள்தான் முக்காவாசி பிள்ளைங்களுக்கு வர்றது. உன் பையன் நல்லா குடிக்கிறான், துணி நனைக்கிறான், மூஞ்சில மட்டும் லேசான்னா சாதாரணமா நான் ரெண்டு நாள் பொறுத்து பாப்போம்னுதான் சொல்லிருப்பேன். ஆனா சட்டை விஷயம் இருக்கிறதால சொல்ல மாட்டேன். இன்னிக்கு முடியாட்டி நாளைக்கு காலைல டாக்டர்கிட்ட காட்டி ரத்தத்துல பிலிருபின், அதான் அந்த மஞ்சள், எவ்வளவுன்னு பாத்துரு, அந்துருண்டை சட்டை போட்டோம்னு மறக்காம சொல்லு, முடிஞ்சா அந்த ஜி-சிக்ஸ்-பி-டி டெஸ்டயும் சேத்து கேளு. தொடைக்கு கீழ மஞ்சள் எறங்கியிருந்தாலோ, எழுப்பினாலும் எழும்பாம தூங்கிட்டே இருந்தாலோ, குடிக்க மாட்டேன்னாலோ, மூத்திரம் டீ டிகாக்ஷன் கலர்ல போனாலோ, வெளிக்கி சாம்பல் மாதிரி வெளுத்துப் போனாலோ காலை வரைக்கும் எல்லாம் காத்திருக்காத. இளவெயில்ல காட்டினா மஞ்சள் போயிரும்னு யாராச்சும் சொன்னா தலைய ஆட்டிட்டு டாக்டர்கிட்ட போ.

சரி, இப்ப பால்.

உனக்கு பால் பத்துது. எப்படி சொல்றேன்னா உன் லெட்டர்லயே கணக்கு இருக்கு, நீயே எழுதிட்டு நீயே கவனிக்கல. 2.9ல பொறந்து அஞ்சாம் நாள் 2.7, அதாவது 200 கிராம் கொறைஞ்சிருக்கு, நூத்துக்கு ஏழு கூட முழுசா இல்ல. பொறந்த பிள்ளை மொத சில நாள்ல அவ்வளவு எடை கொறையத்தான் செய்யும், உடம்புல இருந்த தண்ணியும் கறுப்பு மலமும் வெளியேறுது, உனக்கும் மூணாம் நாலாம் நாள் வரைக்கும் சீம்பால்தான் இருந்திருக்கும். அதுக்கப்புறம் ஆறு ஏழு நாள்ல 150 கிராம் ஏறியிருக்கு, ஒரு நாளைக்கு 20 கிராமுக்கு மேல, அது நல்ல ஏத்தம். ரெண்டு வாரம் முடியறப்ப பொறந்த எடைய தொட்டுருவான். தராசு உங்க அத்தை பேச்சயும் கேக்காது, என் பேச்சயும் கேக்காது, பால் போகலன்னா எடை எங்கேர்ந்து வரும்? ஏழெட்டு துணி நனைக்கிறான்னும் எழுதிருக்க, அஞ்சாறு நாளைக்கு அப்புறம் ஆறு துணி நனைச்சாலே போதும்னுதான் நாங்க சொல்லுவோம்.

அப்ப ஏன் ராத்திரி அழுறான்னா, அவனுக்கு ராத்திரி பகல்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. வயித்துக்குள்ள இருந்தப்ப பகல்ல நீ நடந்த நடைல தூங்கினான், ராத்திரி நீ படுத்ததும் முழிச்சு உதைச்சான், ஞாபகம் இருக்கா, அதே டைம்டேபிள்தான் இப்பவும். பகல்ல ஜன்னல தொறந்து வை, வீட்டு சத்தம் இருக்கட்டும், ராத்திரி இருட்டா பேச்சு கொறைச்சலா வச்சுக்க, சில வாரத்துல மாறும். இன்னொண்ணு, சாயங்காலம் ஆனா அரைமணிக்கு ஒரு தடவை குடிக்க கேப்பாங்க, குடிச்ச அஞ்சாவது நிமிஷம் மறுபடி கேப்பாங்க, மார் தொளதொளன்னு காலியா இருக்கிற மாதிரி தோணும், இது பால் கொறைஞ்சதோட அடையாளம் இல்ல, அடுத்த நாளைக்கு ஆர்டர் குடுக்கிறான்னு வச்சுக்க. பால் ஊறுறது அப்படித்தான், எவ்வளவு உறிஞ்சுறானோ அவ்வளவு ஊறும், ராத்திரி உறிஞ்சுறது இன்னும் நல்லா ஊற வைக்கும். ஒரு நாளைக்கு எட்டுலேர்ந்து பன்னெண்டு தடவை குடிக்கிறது இந்த வயசுல சாதாரணம். அழுகை ரெண்டாவது வாரத்துலேர்ந்து கூடிக்கிட்டே போயி ஆறாவது வாரத்துல உச்சத்துக்கு போகும், மூணு நாலு மாசத்துல அடங்கும், இதை இப்பவே சொல்லி வச்சிடறேன், அப்புறம் பால் போயிருச்சுன்னு மறுபடி லெட்டர் போடாத.

சங்குல சீனித்தண்ணி குடுத்தா அவன் வயிறு நெறைஞ்சிரும், அந்த வேளைக்கு மார உறிஞ்ச மாட்டான், மறுநாள் அந்த அளவுக்கு பால் கொறையும், பாத்தியா நான் சொன்னேன்ல பால் பத்தலன்னு அத்தை சொல்வாங்க. இப்படித்தான் நெறைய வீட்டுல பால் நின்னு போகுது. சேனை தொட்டு வைக்கிறேன்னு தேன் கொண்டு வந்தாங்கன்னா அது கண்டிப்பா வேணாம், ஒரு வயசு வரைக்கும் தேன் ஆகாது, அதுல இருக்கிற ஒரு கிருமியோட விஷம் சின்ன பிள்ளைங்கள தொவள வச்சிரும். தண்ணியும் ஆறு மாசம் வரைக்கும் வேணாம். பவுடர் பால் குடுக்கிறது பாவம்னு நான் சொல்ல மாட்டேன், எடை ஏறாத பிள்ளைக்கு நானே வாங்கச் சொல்லிருக்கேன். ஆனா எடை ஏறுற பிள்ளைக்கு எதுக்கு, அதுவும் கரண்ட் இல்லாத ராத்திரில அடுப்ப மூட்டி தண்ணி கொதிக்க வச்சு பாட்டில அவிச்சு, அஞ்சாவது மாடில, ஒரு கைல பிள்ளைய வச்சுக்கிட்டு.

இனிமே நான் சொல்லப் போறதுதான் இந்த பதில்ல பெரிய விஷயம். உன் தட்டு.

நான் 31 வருஷமா பிரசவம் பாக்கிறேன். தமிழ் அத்தையும் பர்மா அத்தையும் வேற எந்த விஷயத்துலயும் ஒத்துப்போயி நான் பாத்ததில்ல, பச்ச உடம்புக்காரிக்கு சாப்பாட்ட கொறைக்கிறதுல மட்டும் அப்படி ஒரு ஒத்துமை. அவங்க 45 நாள் மஞ்சள் பூசி, செங்கல் சூடு பண்ணி வயித்துல வைப்பாங்க, நாம சுக்கு மிளகு திப்பிலி இடிச்சு மருந்து உருண்டை குடுப்போம், ஆனா தட்டுல விழறது ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், வெள்ளைச் சோறு, உப்பு, கருவாடு. பருப்பு வாயு, கீரை குளிர்ச்சி, பழம் சளி, முட்டை மந்தம். எல்லாத்தையும் கழிச்சா மிச்சம் சோறு.

எங்க அக்காவுக்கும் அப்படித்தான் குடுத்தாங்க. பெகுல இருந்தோம் அப்ப, எனக்கு பதினஞ்சு வயசு. பத்தியத்துல எங்க அம்மா ரொம்ப கண்டிப்பு, 40 நாள் முடிஞ்சும் பிள்ளைக்கு சளி பிடிக்கும்னு அப்படியே தொடர்ந்தாங்க, அக்காவும் வாயத் தொறக்காது. பிள்ளை நல்லா குண்டா அழகா இருந்தான். ரெண்டு மாசம் முடிஞ்சு ஒரு நாள் அவன் அழறான், ஆனா குரல் கம்மிப்போயி வருது. தொண்டை கட்டிருச்சுன்னு வசம்பு சுட்டு ஒரசி நாக்குல தடவுனாங்க. மறுநாள் நான்தான் தொட்டில ஆட்டிட்டு இருந்தேன், எட்டி பாத்தா வாய பெருசா தொறந்து மூஞ்சி செவந்து அழுதுட்டு இருக்கான், சத்தமே இல்ல. எவ்வளவு நேரமா அழுதானோ தெரியாது, சத்தம் வராததால யாரும் வரல. அன்னிக்கு ராத்திரி வாந்தி, மூச்சு படபடன்னு வாங்குச்சு, விடியறதுக்குள்ள போயிட்டான். செவ்வாப்புன்னாங்க, தோஷம்னாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு மிட்வைஃப் ட்ரெய்னிங்ல க்ளாஸ்ல டீச்சர் போர்டுல எழுதி போட்டாங்க: கைக்குழந்தை பெரிபெரி, அம்மாவுக்கு பி1 கொறைவு, ஒண்ணுலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள, குரல் கம்மும், அழுகைல சத்தம் வராது, வாந்தி, மூச்சுத் தெணறல், பி1 ஊசி போட்டா சில மணி நேரத்துல தேறிரும். நான் அதை நோட்டுல எழுதவே இல்ல. எங்க அம்மாகிட்ட இன்னிக்கு வரைக்கும் நான் சொன்னதில்ல, அவங்களுக்கு இப்ப 80 வயசு.

பி1 அரிசித் தவிட்டுலதான் இருக்கு. மில்லுல தீட்டி தீட்டி வெள்ளையாக்குனா முக்காவாசி போயிரும், நாலு தடவை களைஞ்சு கஞ்சிய வடிச்சு கொட்டுனா மிச்சமும் போயிரும். அப்ப வெறும் சோறு திங்கிற அம்மாவோட பால்ல பி1 எங்கேர்ந்து வரும்? பால் என்னமோ நெறைய ஊறும், பிள்ளையும் குண்டாத்தான் இருக்கும், அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வராது. நம்ம தாத்தா பாட்டி ராமநாதபுரத்துலயும் தஞ்சாவூர்லயும் இதே பத்தியம் இருந்தப்ப இந்த அளவுக்கு ஆபத்து இல்லாததுக்கு ஒரு காரணம் இருக்கு, அவங்க சாப்பிட்டது புழுங்கல் அரிசி. நெல்ல அவிக்கும்போது தவிட்டு சத்து அரிசிக்குள்ள எறங்கிருது, அப்புறம் தீட்டினாலும் பெருசா போகாது. இது நான் சொல்ற கதை இல்ல, உன் வீட்டுக்காரர் இருக்காரே மலேசியா, அங்க நூறு வருஷத்துக்கு மேல முந்தியே கண்டுபிடிச்சது. சுரங்கத்துல வேலை பாத்த சீனாக்காரங்க பெரிபெரில கொத்து கொத்தா சாகிறாங்க, தமிழாளுங்களுக்கு மட்டும் வர்றதில்ல, ஏன்னு பாத்தா இவங்க புழுங்கல் அரிசி, அவங்க தீட்டின வெள்ளை அரிசின்னு ப்ராடன்னு ஒரு டாக்டர் எழுதினார். 1905 வாக்குல கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரில ஃப்ளெட்சர்னு இன்னொரு டாக்டர் பாதிப் பேருக்கு இந்த அரிசி பாதிப் பேருக்கு அந்த அரிசின்னு குடுத்தே பாத்துட்டார், வெள்ளை அரிசி பக்கந்தான் நோய் வந்துச்சு. நாம பர்மாவுக்கு வந்து அரிசிய மாத்திக்கிட்டோம், பத்தியத்த மட்டும் மாத்தல. உங்க அத்தைக்கு இந்த கதைய சொல்லு, நம்ம முன்னோர் சாப்பாடு நல்ல சாப்பாடுன்னு கேக்க அவங்களுக்கும் சந்தோஷமா இருக்கும், அந்த சந்தோஷத்துல ரெண்டு கரண்டி பருப்பு ஊத்துவாங்க.

அத்தை எடுத்து வச்ச அந்த பி1 மாத்திரைய இன்னிக்கே கேட்டு வாங்கிக்க. அது சூடும் இல்ல குளிர்ச்சியும் இல்ல. இந்த நாட்டுல கைப்பிள்ளைங்க இதுல ரொம்ப செத்ததாலதான் கர்ப்பத்தோட கடைசி மாசத்துலேர்ந்து பிரசவமாகி மூணு மாசம் வரைக்கும் தினம் 10 மில்லிகிராம் பி1னு திட்டம் போட்டு குடுக்கிறாங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்க, இரும்பு மாத்திரை குடுத்திருந்தா அதயும் போடு. லப்பெயும் (ஊற வச்ச டீ இலை) கடுங்காப்பி மாதிரி போட்ட டீயும் சோத்தோட சேத்து வேணாம், பி1ன அது வேலை செய்ய விடாது, வெத்தலை பாக்கும் அப்படித்தான். ஙப்பி (புளிக்க வச்ச மீன் விழுது) திங்கணும்னா நல்லா வேக வச்சு தின்னு, பச்சையா கொழச்சு தொட்டுக்காத.

அத்தைகிட்ட சண்டை போடாத. அவங்க குடுக்கிற பூண்டு கொழம்பு அருமையான சாப்பாடு, மிளகு இருக்கட்டும், சுக்கு மருந்தும் கொஞ்சமா இருக்கட்டும், கருவாடு உப்ப அலசிட்டு இருக்கட்டும். அது எதயும் எடுக்க வேணாம் அத்தை, கூட ஒண்ணே ஒண்ணு சேத்துக்கலாமான்னு கேளு. மொத நாள் பாசிப்பருப்பு, அதுல பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டா வாயுன்னு சொல்ல முடியாது. ரெண்டு நாள் கழிச்சு முருங்கைக்கீரை, அதை பால் ஊறும்னு அவங்களே ஒத்துக்குவாங்க. அப்புறம் அவிச்ச முட்டை. வேர்க்கடலை ஒரு கைப்பிடி வறுத்து வச்சுக்க, ராத்திரி பால் குடுக்கும்போது பசிக்கும் பாரு, அப்ப. பன்றி இறைச்சி சாப்பிடற வீடா இருந்தா அதுல பி1 ரொம்ப அதிகம், இல்லன்னா கவலை வேணாம், பயறு வகையே போதும். புழுங்கல் அரிசியோ கைக்குத்தலோ கெடைச்சா வாங்க சொல்லு, கெடைக்கலன்னா இருக்கிற அரிசிய ஒரு தடவை மட்டும் களைஞ்சு வடிக்காம பொங்கிக்க. பப்பாளி, வாழைப்பழம் எல்லாம் தாராளமா, சளி பிடிக்கிறது பழத்துல இல்ல, வீட்டுக்கு வர்ற ஆளுங்க இருமலோட வந்து பிள்ளைய கொஞ்சுறதுல.

தண்ணி விஷயம் மட்டும் பேச்சுவார்த்தையே கெடையாது. இந்த வெயில்ல ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு பாலும் குடுத்தா நீ மயக்கம் போட்டு விழுந்துருவ, மலம் கட்டி தையல் இழுக்கும். பால் குடுக்க உக்காரும்போதெல்லாம் பக்கத்துல ஒரு டம்ளர் தண்ணி. சுடுதண்ணிதான் வேணும்னா சுடுதண்ணி, அது அவங்க ஆசை. வயிறு தொங்கறது தண்ணில இல்ல, ஒம்போது மாசம் பிள்ளை இருந்த வயிறு சுருங்க நாளாகும். செங்கல் சூட்டை மட்டும் விட்டுரு, பாதி அசந்த நெலைல தோல் வெந்தது தெரியாம படுத்திருந்தவங்கள பாத்திருக்கேன். சாம்பிராணி புகை பிள்ளை மூஞ்சிக்கு வேணாம், மூக்குல காதுல எண்ணெய் வேணாம், தொப்புள்ல ஒண்ணும் வைக்காம காய விடு. தூளில தூங்க வைக்கிறத விட ராத்திரி தரைல பாயில மல்லாக்க படுக்க வைக்கிறதுதான் நல்லது.

உனக்கு பாதம் மரத்துப்போற மாதிரி, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா, கெண்டைக்கால் வலிக்குதான்னு கவனி, இருந்தா அதுவும் பி1தான், டாக்டர்கிட்ட சொல்லு. பையன் குரல் ஆறு மாசத்துக்குள்ள எப்பவாச்சும் கம்மினா தொண்டைன்னு யாரு சொன்னாலும் கேக்காத, அப்பவே தூக்கிட்டு ஓடு, நான் சோறு கருவாடு பத்தியத்துல இருந்தேன்னு மொத வார்த்தையா சொல்லு. ஒடம்பு 38 டிகிரிக்கு மேல சுட்டாலும் அப்படித்தான், இந்த வயசுல காய்ச்சலுக்கு வீட்டு வைத்தியம் கெடையாது. உனக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரு துணி முழுசா நனையற மாதிரி ரத்தம் போனாலும், குளிர் காய்ச்சல் வந்தாலும், ஒரு கால் மட்டும் வீங்கினாலும் நீயும் போகணும், தீட்டு வெளிய போகக்கூடாதுன்னு உக்காராத.

அழுகை. மூணாம் நாள்லேர்ந்து ரெண்டு வாரம் வரைக்கும் பெத்தவங்கள்ல பாதிப்பேருக்கு மேல அழுறாங்க அம்மாடி, பிரசவத்தோட ஹார்மோன் தடால்னு எறங்குது, தூக்கம் இல்ல, உன் விஷயத்துல வயித்துக்கும் ஒண்ணும் இல்ல, பெத்த அம்மா மோல்மேன்ல, புருஷன் போன் ஸ்க்ரீன்ல. நானா இருந்தாலும் அழுதுருப்பேன். ஒரு வேளை பால் குடுத்துட்டு பிள்ளைய அத்தைகிட்ட குடுத்து மூணு நாலு மணி நேரம் ஒரே தூக்கமா தூங்கு, இதை மட்டும் வீட்டுக்காரர விட்டு அவங்க அம்மாகிட்ட சொல்லச் சொல்லு, மருமக கேட்டா சோம்பேறித்தனம், மகன் கேட்டா அக்கறை, இது எல்லா வீட்டு நியாயம். ரெண்டு வாரம் தாண்டியும் அழுகை நிக்கலன்னா, பிள்ளைய பாக்கவே பிடிக்கலன்னா, தூங்க நேரம் கெடைச்சும் தூக்கம் வரலன்னா, செத்துரலாம்னோ பிள்ளைய ஏதாச்சும் செஞ்சிருவேனோன்னோ ஒரு நிமிஷம் தோணினா கூட அது நோய், காய்ச்சல் மாதிரி ஒரு நோய், மருந்து இருக்கு, பால் குடுத்துக்கிட்டே சாப்பிடற மருந்தும் இருக்கு, அதை யார்கிட்டயாச்சும் வாய்விட்டு சொல்லிரு, ராத்திரின்னு பாக்காத. நல்ல அம்மாவான்னு கேட்டிருந்த, எடை நோட்டுல அதுக்குன்னு ஒரு கட்டம் இல்ல, நான் பாக்கிறது 2.85 மட்டுந்தான்.

பதினாலாம் நாள் மறுபடி எடை போடு. அஞ்சு மாடி எறங்கறப்ப பிள்ளை அத்தை கைல இருக்கட்டும், நீ கம்பிய பிடிச்சு மெதுவா எறங்கு. பிலிருபின் எவ்வளவு வந்துச்சுன்னும் எடை என்னன்னும் எனக்கு எழுது.

அப்புறம் உங்க தெருவுலயும் விடியக்காலைல தலைல தட்ட வச்சுக்கிட்டு பெப்யோ, பெப்யோன்னு கத்திக்கிட்டு ஒரு அம்மா போவாங்கள்ல, அவிச்ச முளைப்பட்டாணி, அதுல நீ இத்தனை நாள் சாப்பிடாதது எல்லாம் இருக்கு. நீ எறங்க வேணாம், பால்கனில பேப்பர்காரனுக்கு கட்டி விட்டுருக்கிற கயிறு இருக்கும், க்ளிப்புல ஒரு பைல காசப் போட்டு மாட்டி எறக்கு, கொஞ்சம் வெங்காயம் எண்ணெய் போட்டு வதக்கி அத்தைக்கும் ஒரு தட்டு வை. அவங்களுக்கு பிடிக்கும், பிரசவம் ஆகாதவங்களுக்கு வாயு கெடையாதாம்.